மழைப் பதிவில் பேசிய பெரியவர்

கண்ணாடிக்கடைக்காரர் தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "இது நல்லாத் தெரியுதா... இல்ல, இது நல்லாத் தெரியுதா?"

கடையின் பின்பக்கத்து இருட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் கனத்த வட்டச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டுக் கேட்பார். எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கேட்பார். முதல் இரண்டு தடவை ஆட்கள் உண்மை சொல்வார்கள். அப்புறம் பரீட்சை எழுதுகிறவர்களைப் போலப் பயந்துபோய், எது சரியான விடை என்று அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கடைசியில் சலித்துப்போய், "ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது" என்பார்கள், தோற்றுவிட்ட குரலில். அவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில்தான் சரியான பவர் இருக்கிறது. விளக்கைப் போட்டுவிட்டுச் சீட்டில் எழுதுவார்.

ஊரையே இப்படிக் கேட்டுக்கேட்டுப் பிழைத்த மனிதர், ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்கமாட்டார். 'பாலம்' பாட்டின் எந்தப் பதிவு சிறந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

'கப்பிச்சாலை' என்று ஓர் இசைக்குழு. நான்கு பேர். அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று 'பாலம்'. அதில் பாடுவதற்கு இருப்பது நான்கே வரி. அந்த வரிகளைப் பாடி முடித்ததும் வாசிக்க ஆரம்பிப்பார்கள். எப்போது திரும்பி வந்து மறுபடி அந்த நான்கு வரிகளைப் பாடி முடிப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஓர் ஊரில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இன்னோர் ஊரில் கூட்டத்தில் பாதி எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இவர்கள் பாலத்தின் நடுவில்தான் நிற்பார்கள். ஒரு நாள் வாசித்ததுபோல் மறுநாள் வாசிக்கமாட்டார்கள். அதனால் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்து, நகல் எடுத்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி, எது உசத்தி என்று சண்டை போடுவார்கள். குழுவும் அதைத் தடுத்ததில்லை.

எனக்கு இந்தப் பாட்டில் பெரிய மோகம் கிடையாது. மோசமில்லை என்பேன். கண்ணாடியின் கால் ஒன்று உடைந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கடைக்குப் போனவன், உள்ளே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததற்குக் காரணம் பாட்டு அல்ல, பேச்சு. தினமும் மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு, 'பாலம் இப்படி இருக்காது' என்று ஒருவரும் 'இப்படித்தான் இருக்கும்' என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், நான் படிக்கிற தடித்த புத்தகங்களை எழுதியவர்கள் எல்லாம் ஒரே அறையில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஒரு வித்தியாசம், இவர்கள் நடுநடுவே சிரித்தார்கள்.

அந்த அறையில் கூடுகிறவர்கள் மூன்று பேர். கடைக்காரர் ஒருவர். மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் இன்னொருவர். ஆள் பருமன், குரல் மெல்லிசு. நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியதால், யாராவது குறுக்கே பேசினால் திடுக்கிடுவார். மூன்றாவது, பக்கத்துப் பள்ளியின் கணக்கு டீச்சர். நாடா, இசைத்தட்டு இரண்டையும் போடுகிற பெரிய டேப் பெட்டி அவருடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். பார்க்கிறவர்கள் வீடு மாற்றுகிறார் என்று நினைப்பார்கள்.

கதவைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். கண் பரிசோதனை நாற்காலியில் முறை வைத்து ஒருவர் உட்காருவார். மற்றவர்களுக்கு ஸ்டூல். நாற்காலியில் இருப்பவருக்குத்தான் முதலில் கருத்துச் சொல்லும் உரிமை.

அந்த நேரமெல்லாம் முன்கடையைப் பார்த்துக்கொண்டது கடைக்காரரின் மனைவி. டாக்டரும் டீச்சரும் அவரை அண்ணி என்பார்கள். ஃப்ரேம் பகுதி முழுக்க அவர் கையில். வந்தவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்து, "உங்களுக்கு இது பொருந்தாதுங்க, ஆந்தை மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிடுவார். அதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அதற்காகவே வராதவர்களும் உண்டு. பின்னறைப் பாட்டு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் வெறும் தடதடப்பாகத்தான் கேட்கும். "உள்ள என்ன, மிக்ஸி ஓடுதா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "அது சங்கம். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடும்" என்பார்.

கடைக்காரர் கொண்டாடிய பதிவுக்கு 'மழை' என்று பெயர். ரொம்ப வருஷங்களுக்கு முன், ஒரு திறந்த மைதானத்தில் நடந்த கச்சேரி. மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில் நின்று, கையடக்க டேப்பில் அவரே பிடித்தது. தகரத்தில் விழும் மழை பாட்டு முழுக்கக் கேட்கும். அவர் எடுத்துக் கொடுத்த நகலிலிருந்து நகல், அதிலிருந்து நகல் என்று அது எங்கெங்கோ பரவி, முகம் தெரியாத ஊர்களின் ரசிகர்கள்கூட 'மழை' என்றால் ஒரு மரியாதை கொடுத்தார்கள்.

அதன் சிறப்பு நிதானம். மற்றப் பதிவுகளிலெல்லாம் ஓடுகிற பாட்டு இதில் நடக்கும். சுருதியும் கீழே. "மழை ஈரத்துல தந்தி தளந்துபோச்சு. அதை இறுக்காம அப்படியே வாசிச்சான் பாருங்க, அதான் மேதை" என்று கிடார்க்காரரைப் பற்றி டீச்சர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கிடார்க்காரருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் நெட்டையன். ஈரத்தில் தந்தி அவ்வளவு தளருமா என்று நான் ஒருமுறை கேட்டேன். மூன்று பேரும் பார்த்த பார்வையில் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக்கொண்டேன்.

ஆனால் 'மழை'யின் உயிர் அதன் நடுவில் இருக்கிறது. வாசிப்பு மெல்ல மெல்ல அடங்கி, கிடார் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மிக அருகில் ஒரு ஆண்குரல், அடிவயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல் சொல்லும்: "போதும்... போலாமா?"

பிறகு கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு 'தொம்' என்று ஒற்றை அடி. டிரம்காரரைத் தச்சர் என்பார்கள். எதை அடித்தாலும் ஆணி அடிப்பதுபோல் சரியாக அடிப்பார் என்று. அந்த ஒரே அடி விழுந்த கையோடு கிடார் திரும்பி மேலே ஏறும். பாலம் மறுகரையைத் தொட்டுவிடும்.

அந்தக் குரலுக்கு ரசிகர்கள் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார்கள். வாழ்ந்து முடித்த, ஆசை அடங்கிய யாரோ ஒருவர் கூட்டத்தில் நின்று அதைச் சொல்ல, அது மேடைவரை எட்டி, நெட்டையன் அதைக் கேட்டுத்தான் திரும்பினான் என்று பேச்சு. கொட்டகைக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு மைதானம் இருந்ததே என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு 'மழை'யே பிடிக்காது. ஆனால் பெரியவரைப் பிடிக்கும். ஞாயிறு கூட்டம் முடியும்போது அவர்தான் தொப்பையிலிருந்து குரலை எடுத்து, "போதும்... போலாமா?" என்பார். மற்ற இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் 'தொம்' என்று தட்டுவார்கள். முன்கடையிலிருந்து அண்ணி, "மொதல்ல கெளம்புங்க, இதுல கேள்வி வேறயா" என்பார்.

டாக்டர் தூக்கிப் பிடித்தது 'சந்தை' என்ற பதிவு. ஒரு காய்கறிச் சந்தைத் திடலில், நல்ல மைக் வைத்து, அவருடைய சித்தப்பா மகன் பிடித்தது.

"தெளிவுன்னா அது தெளிவு" என்பார் டாக்டர். "ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம்."

"பல்லை எண்ணுறதுக்கு எதுக்கு சார் பாட்டு? எக்ஸ்ரே எடுத்துக்கங்க" என்பார் டீச்சர்.

"யோவ் கண்ணாடி, நீயே சொல்லு. உன் மழைல பாட்டு கேக்குதா, தகரம் கேக்குதா?"

"காது இருக்கறவனுக்குப் பாட்டு கேக்கும் டாக்டரே. மத்தவனுக்குத் தகரம்."

இப்படியே போய்க்கொண்டிருந்த சண்டையில் ஒரு நாள் கத்தி வந்து விழுந்தது. 'கப்பிச்சாலை'க்காரர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். ரசிகர்கள் பிடித்த 'பாலம்' பதிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இசைத்தட்டாகப் போடப்போகிறார்கள். ஒரு ரசிகர் வட்டத்துக்கு ஒரு பதிவு. நகல் கூடாது, முதன்முதலில் பிடித்த மூல நாடாவே வேண்டும். பதிவு செய்தவரின் பெயர் அட்டையில் வரும்.

கடைக்காரரின் முகம் அன்று மாறியதை நான் பார்த்தேன். அவர் கையால் ஆன காரியம் எதிலும் அவர் பெயர் கிடையாது. பார்வை சரியானவர்கள் கண்ணாடியை மறந்துவிடுவார்கள். மறந்தால்தான் அது நல்ல கண்ணாடி. அதில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு இடத்தில், ஒரு அட்டையின் மூலையில், 'பதிவு: இன்னார்' என்று வரவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். வாடிக்கையாளரின் கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டு, கேள்வி கேட்க மறந்து நின்றார்.

"என்னங்க, தெரியுதான்னு கேக்கவே மாட்டேங்கறீங்க?" என்றாராம் அவர்.

"தெரியும், தெரியும்" என்றாராம் இவர்.

மூல நாடா, விலை உயர்ந்த ஃப்ரேம்களை வைத்துப் பூட்டும் இழுப்பறையில் துணி சுற்றி இருந்தது. பதிவு செய்ததற்கு மறுநாள் நகல் எடுக்க ஒரு தடவை போட்டது. அதற்குப் பிறகு போட்டதே இல்லை. தேய்ந்துவிடும் என்று பயம். எல்லோரும் கேட்டது, அவர் உட்படக் கேட்டது, நகலைத்தான்.

எதை அனுப்புவது என்று ஓட்டெடுக்கக் கூடிய ஞாயிற்றுக்கிழமை, முதலில் 'சந்தை' போட்டார்கள். தெளிவாகத்தான் இருந்தது, ஒருவன் கத்தரிக்காய் விலை கேட்பதுகூடத் தெளிவாக இருந்தது. அடுத்து, கடைக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, துணியைப் பிரித்து மூல நாடாவை எடுத்தார். டீச்சர் தன் பெட்டிக்குள் நாடா உரசும் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தார். நாற்காலியில் உட்காரும் முறை டாக்டருடையது. பெரிய மனசு பண்ணி எழுந்து கடைக்காரருக்குக் கொடுத்தார்.

பாட்டு ஆரம்பித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள்.

வேகமாக ஓடியது. சுருதியும் மேலே இருந்தது. நடந்துபோகும் என்று சொன்ன பாட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப்போல் ஓடியது.

"டீச்சர், உங்க பெட்டி கெட்டுப்போச்சு" என்றார் கடைக்காரர்.

"இப்பத்தான சார் சந்தை போட்டோம், ஒழுங்காத்தான ஓடுச்சு?"

மறுபடி 'சந்தை'யைப் போட்டார்கள். கத்தரிக்காய்க்காரன் தன் வேகத்திலேயே விலை கேட்டான். பெட்டியில் குறையில்லை. மறுபடி மூல நாடா. மறுபடி ஓட்டம். கடைக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். கரும்பலகையில் பிழை கண்டுபிடித்த முகம் வந்தது.

"சார், நகல் எடுத்தீங்களே, இந்த நாடாவை எதுல போட்டு எடுத்தீங்க?"

"அதே சின்ன டேப்புலதான். அதை ஓடவிட்டு, வீட்டுப் பெட்டில பிடிச்சேன்."

"அதுல பேட்டரி?"

"மாத்தல" என்றார் கடைக்காரர். கச்சேரி முழுக்க ஓடிக் களைத்த பேட்டரி. மறுநாள் அதே பேட்டரியோடு அந்தச் சின்ன டேப் தள்ளாடித் தள்ளாடி நாடாவை இழுத்திருக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தைத்தான் வீட்டுப் பெட்டி பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் மேதைமை என்று நாங்கள் கேட்டது, தீர்ந்துபோகிற பேட்டரி.

டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பாட்டு நடுப்பகுதிக்கு வந்திருந்தது. வாசிப்பு அடங்கியது. கிடார் சுற்றியது. பெரியவர் பேசவேண்டிய இடத்தில், கொஞ்சம் கட்டைக் குரல்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு பெண், கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"போதும், போலாமா?"

அப்புறம் மழை. அப்புறம் அந்த ஒற்றை அடி. 'தொம்' இல்லை, 'டப்'.

"பெரியவர் எங்க?" என்றார் டாக்டர், கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவரைப்போல.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. ஒரு ஃப்ரேமையும் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு அண்ணி நின்றார். "ஏங்க, இவரோட இடது கண்ணு பவர் உங்க கையெழுத்துல ஒண்ணும் புரியல..." என்றவர், நாடாவை டீச்சர் பின்னோக்கி ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டதும் பேச்சை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது நான்ல?"

டீச்சர் நாடாவை நிறுத்தினார்.

"நீ எங்கம்மா அங்க வந்தே?" என்றார் கடைக்காரர். "நான் தனியால்ல போனேன்?"

அண்ணி ஃப்ரேமை எழுத்துப் பலகைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்தார். வைத்த நிதானத்தைப் பார்த்து டாக்டர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"தனியா. கல்யாணமாகி மூணாவது மாசம். பாட்டுக் கச்சேரின்னு கூட்டிட்டுப் போனீங்க. புதுச் செருப்பு. மழை. தகரத்துக்குக் கீழ நிக்கறோம், எனக்கு முதுகு முழுக்கச் சாரல். அந்த ஆளு ஒரே எடத்தையே சொரண்டிட்டு இருக்கான். கடைசி பஸ் போயிடும்னு பாத்துப் பாத்துக் கேட்டேன், போதும், போலாமான்னு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அந்தப் பொட்டிய நெஞ்சோட அணைச்சிட்டு நிக்கறீங்க."

"அப்புறம்?" என்றார் டீச்சர், அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்புறம் என்ன. குடையை விரிச்சேன், போயிட்டேன்."

டீச்சரின் கை தானாகப் பெட்டிக்குப் போனது. அந்த இடத்தை இன்னொரு முறை போட்டார். "போதும், போலாமா?" மழை. காத்திருப்பு. டப்.

"குடை" என்றார் டீச்சர்.

"பட்டன் குடை" என்றார் அண்ணி. "எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. சத்தமாத்தான் விரியும்."

தச்சரின் தனிச்சிறப்பான ஒற்றை அடி, அதைப் பற்றி டாக்டரும் டீச்சரும் ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்டிருந்த அடி, ஒரு பட்டன் குடையாக அந்த அறையின் நடுவில் கிடந்தது. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. சொன்னவர் ஆணா பெண்ணா, ஞானியா மனைவியா என்பது மாறியதும் அதே இரண்டு சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடுகிறதே என்று எனக்கு ஓடியது. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று அபூர்வமாக எனக்குத் தெரிந்தது.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "டாக்டரே, சந்தையை அனுப்பிடுங்க."

டாக்டர் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இல்லப்பா... அப்படிச் சட்டுனு..." என்று இழுத்தார்.

"ஏன்? இதுக்கு என்ன கொறச்சல்?" என்றார் அண்ணி.

"இல்லம்மா, இது வந்து... வேகமா ஓடுது. நாங்க நெனச்ச மாதிரி இல்ல. அதுவும் அந்தக் குரல்..." என்றார் கடைக்காரர்.

"குரலுக்கு என்ன? ஞாயித்துக்கிழமை ஆனா மூணு பேருமாச் சேந்து குரலை மாத்திச் சொல்லி ஸ்டூலைத் தட்டறீங்களே, அது இதுதானா? வீட்டுக்குப் போறதுக்குத்தான் சொல்றீங்கன்னுல நான் நெனச்சேன்! யாரோ ஒரு கெழவன் சொன்னான்னா தத்துவம். அதையே பொண்டாட்டி சொன்னா நச்சரிப்பு. அப்படித்தான?"

"அப்படி இல்ல அண்ணி" என்றார் டாக்டர்.

"நீங்க பேசாதீங்க. உங்களை எனக்கு இப்பத்தான் புரியுது." பிறகு கணவனிடம் திரும்பினார். "இதைத்தான் அனுப்பறீங்க. என் குரல், என் குடை, ரெண்டுக்கும் பேர் போடணும்னு எழுதி அனுப்பறீங்க. முன்னாடி ஒரு ஆள் இடது கண்ணோட காத்திட்டிருக்காரு. வந்து பவரைச் சொல்லுங்க."

ஓட்டெடுப்பு நடந்தது என்றுதான் டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். நான் பார்த்தவரை யாரும் கை தூக்கவில்லை. மூல நாடா போயிற்று. கூடவே நடந்ததை மறைக்காமல் எழுதி வைத்தார் கடைக்காரர். பேட்டரி, குரல், குடை எல்லாம். எழுதும்போதே அவருக்குத் தெரியும், இதைப் படித்துவிட்டு யாரும் இசைத்தட்டுப் போடமாட்டார்கள் என்று. தெரிந்தும் எழுதினார். அவர் செய்த காரியங்களில் நான் தயக்கமில்லாமல் மெச்சக்கூடியது அது ஒன்று.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் சங்கம் கூடியது, ஆனால் சுரத்தில்லை. கூட்டத்தை முடிக்கும் வாசகத்தைச் சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. "சரி, அப்ப..." என்று எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் காலை கடைத் தொலைபேசி அடித்தது. அண்ணிதான் எடுத்தார். நான் ஃப்ரேமின் திருகை இறுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன்.

"குடைக்காரம்மா இருக்காங்களா?" என்றது ஒரு கரகரத்த குரல், அவர் காதிலிருந்து எனக்கே கேட்டது.

"இது குடைக்கடை இல்லைங்க, கண்ணாடிக்கடை. உங்களுக்குப் படிக்கறதுக்கா, வெயிலுக்கா?"

"அம்மா, நான் டிரம் அடிக்கறவன். கப்பிச்சாலை."

தச்சர். அண்ணிக்கு அந்தப் பெயரால் ஒன்றும் ஆகவில்லை. "சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே என் ஃப்ரேமைத் திருகினார்.

அவர் சொன்னது இது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆள் வந்து கையைப் பிடித்துக்கொள்வானாம். 'மழையில் அந்த ஒரே அடி' என்று கண் கலங்குவானாம். "நான் அடிக்கலைம்மா. அந்த எடத்துல நான் கைய மடியில வெச்சிட்டு உக்காந்திருந்தேன். சொன்னா அடக்கம்னு சொல்றாங்க. சொல்லச் சொல்ல இன்னும் பெருசாக் கும்புடுறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அடிச்சுத் தொலைச்சேனோன்னு. உங்க வீட்டுக்காரர் எழுதினதைப் படிச்சதும்தான் ராத்திரி தூக்கம் வந்துது. அந்தப் பதிவைத்தான் போடணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கறேன். உங்க பேரு சொல்லுங்க."

அண்ணி பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொன்னார். வைத்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பேரைக் கேட்டாங்களா?" என்றேன்.

"கேக்கல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் சொல்லல" என்றார்.

இசைத்தட்டு வந்தது. டாக்டர் மாடியிலிருந்து கையுறையோடு இறங்கி ஓடிவந்தார். மேலே ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். டீச்சர் இடைவேளையில் வந்தார். அட்டையின் பின்பக்கத்தில் கிடார் யார், டிரம் யார் என்று வரிசையாக இருந்தது. கடைசிக்கு முந்தின வரி, 'குரலும் குடையும்' என்று தொடங்கி, அண்ணியின் பெயரைச் சொன்னது. பிழையில்லாமல் இருந்தது. அதற்குக் கீழே, 'பதிவு: அவருடைய கணவர்.'

கடைக்காரர் அதை நாற்காலிக்கு எதிரே, எழுத்துப் பலகையின் விளக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். போட்டுக்கொண்டு படித்தார்.

"ரெண்டு விதமாவும் அதேதான் இருக்கும்பா" என்றார் டாக்டர், முடிந்தவரை அன்பாக.

அன்று சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரத்தில், கடைக்காரர் மனைவியைப் பின்னறைக்கு அழைத்தார். டீச்சர் தன் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் முன்னால் என் கண்ணாடிக்காகக் காத்திருந்தேன். கதவைச் சாத்த அவர் மறந்துவிட்டார். அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்வதை அப்போதுதான் பார்த்தேன். முதலில் கடைக்காரர் பழைய நகலைப் போட்டார்: அந்த நிதானமான, தள்ளாடும் 'மழை'யை. அப்புறம் இசைத்தட்டு. இரண்டையும் முழுக்கக் கேட்டார் அண்ணி; அன்று மைதானத்தில் கேட்காமல் போன பிற்பாதியையும் சேர்த்து.

பாட்டு முடிந்தது. கடைக்காரர் தன் வழக்கமான குரலில் கேட்டார்.

"இது நல்லாருக்கா... இல்ல, இது நல்லாருக்கா?"

அண்ணி யோசித்தார். முதல் முறை கண் காட்ட வந்தவர்களைப்போல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு. ரெண்டுலயும் நீங்க பதில் சொல்லல."

உள்ளே விளக்கு எரிந்தது.

"போலாம்" என்று கடைக்காரர் சொல்வது கேட்டது.

"இப்ப எங்க போறது? வெளிய அவரு கண்ணாடிக்கு எவ்வளவு நேரமா நிக்கறாரு" என்றார் அண்ணி, எழுந்து வந்துகொண்டே. என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார். "பரவால்ல. ஆந்தை மாதிரி இல்ல" என்றார்.

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. நான் படியிறங்கும்போது, கடைக்காரர் உள்ளிருந்து ஷட்டர்க் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். மற்றக் கையில் குடை. அவர் அதை விரிக்கப் பார்த்தார். பட்டன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

"இப்படிக் குடுங்க" என்றார் அண்ணி.

டப்.